முடக்குவாதம், லுப்பஸ், ஸ்கிளெரோடெர்மா நோயாளிகளுக்கு இதய எம்ஆர்ஐ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருந்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் மூட்டுவாத நிபுணரைப் பார்க்கப் போகிறவர்கள் கையில் சில சமயம் 'கார்டியாக் எம்ஆர்ஐ', அதாவது காந்தத்தால் இதயத்தைப் படம் எடுக்கும் ஸ்கேன், என்று எழுதிய ஒரு கடிதத்தோடு திரும்புகிறார்கள். அது என்ன, எதற்கு, எப்படித் தயாராவது என்று நோயாளிகளும் கூடப் போகிற பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள் இவை.

நோய் மூட்டில்தானே, இதயத்தை ஏன் படம் எடுக்கச் சொல்கிறார்கள்?

முடக்குவாதம், லுப்பஸ், தோல் இறுகிப்போகும் ஸ்கிளெரோடெர்மா, தசை அழற்சி, ரத்தக்குழாய் அழற்சி எல்லாமே உடலின் எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்குவதால் வருபவை. மூட்டில் வலியாகத் தெரிவதால் மூட்டு நோய் என்கிறோம். தாக்குதல் அங்கேயே நிற்பதில்லை. இதயத்தைச் சுற்றியுள்ள உறை, இதயத் தசை, வால்வு, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் என்று எதுவும் மாட்டிக்கொள்ளலாம். முடக்குவாதக்காரர்களுக்கு மாரடைப்பு அபாயத்தைக் கணக்கிடும்போது, வழக்கமான கணக்கில் வரும் எண்ணை 1.5-ஆல் பெருக்கச் சொல்கிறது ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவர் கூட்டமைப்பின் வழிகாட்டுதல்.

சிக்கல் என்னவென்றால், இந்த நோயாளிகளுக்கு இதயக் கோளாறு சத்தம் போட்டுக்கொண்டு வராது. முட்டி வலிக்காக ஏற்கெனவே மெதுவாக நடப்பவருக்கு மூச்சு வாங்குவது தெரிவதில்லை. களைப்பு வந்தால் லுப்பஸ் களைப்பு என்று விட்டுவிடுகிறார்கள்.

ஈசிஜி, எக்கோ இரண்டும் எடுத்தாயிற்று. நார்மல் என்றார்களே?

ஈசிஜி மின்னோட்டத்தைப் பார்க்கிறது. எக்கோ இதயம் எப்படி அசைகிறது, வால்வு கசிகிறதா, உறைக்குள் நீர் கட்டியிருக்கிறதா என்று பார்க்கிறது. தசைக்குள்ளே அழற்சி இருக்கிறதா, தழும்பு விழுந்திருக்கிறதா என்பது இரண்டிலும் நேராகத் தெரியாது. தசையில் கொஞ்சம் தழும்பு விழுந்தும் இதயம் நன்றாகவே அடித்துக்கொண்டிருக்கலாம். எக்கோவும் நார்மல் என்றே வரும். அந்தத் தசையின் உள் நிலையைக் கத்தி வைக்காமல் காட்டுவதுதான் எம்ஆர்ஐ.

இதனால் எக்கோ வீண் என்று ஆகாது. வால்வுக்கு எக்கோதான் முதல். லுப்பஸில் வால்வின்மேல் சிறு முடிச்சுகள் வரும். 1924-இல் லிப்மன், சாக்ஸ் என்ற இருவர் விவரித்ததால் அவர்கள் பெயரிலேயே வழங்குகிறது. அதைத் தேட உணவுக்குழாய் வழியாகச் செய்யும் எக்கோ எம்ஆர்ஐயைவிட மேல்.

ஸ்கேன் உண்மையில் எதைக் காட்டுகிறது?

ஒரே ஸ்கேனில் நாலைந்து வகைப் படங்கள் எடுக்கிறார்கள். முதலில் இதயம் துடிப்பதை அசையும் படமாக எடுத்து, இரண்டு கீழறைகளின் கொள்ளளவையும், ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை சதவீத ரத்தம் வெளியே போகிறது என்பதையும் அளப்பார்கள். உடல் பருத்தவர், நுரையீரல் கெட்டவர் என்றால் எக்கோவில் படம் மங்கும். எம்ஆர்ஐயில் அந்தத் தொல்லை குறைவு. வலது கீழறையை அளப்பதில் எம்ஆர்ஐக்கு நிகரில்லை. ஸ்கிளெரோடெர்மாவில் நுரையீரல் ரத்த அழுத்தம் ஏறும்போது முதலில் திணறுவது அந்த வலது அறைதான்.

அடுத்து 'டி2' படங்கள். இவை தசையில் நீர் கோத்திருப்பதைக் காட்டும். நீர்கோப்பு இருந்தால் அழற்சி இப்போது நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். 'டி1' அளவு நீர்கோப்பிலும் ஏறும், தழும்பு நாரிலும் ஏறும். அதனால் அதை மட்டும் வைத்து எதுவும் முடிவு கட்ட முடியாது.

கடைசியாக, காடோலினியம் என்ற மருந்தை நரம்பில் செலுத்தி 10 முதல் 15 நிமிடம் கழித்து எடுக்கும் படம். உயிருள்ள தசைச் செல்லுக்குள் காடோலினியம் நுழையாது. செல்களுக்கு இடையில் இடம் அகன்றுபோன தழும்பிலோ அழற்சியிலோ போய்த் தேங்கி, மெதுவாகத்தான் வெளியேறும். அதனால் நல்ல தசை கறுப்பாகவும் கெட்ட இடம் வெள்ளையாகவும் படத்தில் விழும்.

அந்த வெள்ளை எங்கே விழுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு ரத்தக்குழாயின் எல்லைக்குள், தசையின் உள்விளிம்பிலிருந்து தொடங்கியிருந்தால் அது மாரடைப்புத் தழும்பு. நடு அடுக்கிலோ வெளிவிளிம்பிலோ திட்டுத் திட்டாக இருந்தால் அழற்சி, அல்லது அழற்சி விட்டுப்போன தழும்பு. எந்தக் குழாயின் எல்லைக்கும் அடங்காமல் உள்விளிம்பு முழுக்கச் சுற்றிலும் படர்ந்திருந்தால் நுண்குழாய்களில் அழற்சியா என்று யோசிப்பார்கள். இதயத்தசை அழற்சி என்று சொல்ல 2018-இல் திருத்தப்பட்ட 'லேக் லூயிஸ்' அளவுகோல், டி2 வகை அடையாளம் ஒன்றும் டி1 வகை அடையாளம் ஒன்றும் சேர்ந்து இருந்தால் உறுதி கூடுகிறது என்கிறது.

இதைத் தெரிந்து என்ன ஆகப்போகிறது? மருந்து மாறுமா?

மாற வேண்டும். மாறாது என்றால் ஸ்கேன் எதற்கு என்று மருத்துவரிடமே தயங்காமல் கேளுங்கள். அழற்சி சூடாக இருந்தால் ஸ்டீராய்டையும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளையும் கூட்டுவார்கள். ஆறிய தழும்பு மட்டும் என்றால் அவற்றைக் கூட்டிப் பயனில்லை, பக்கவிளைவுதான் மிச்சம். அங்கே இதயத்தின் சுமையைக் குறைக்கும் மாத்திரைகளும், துடிப்பு தாறுமாறாகிறதா என்ற கண்காணிப்பும்தான் வேலை. மாரடைப்புத் தழும்பு என்றால் கொழுப்பு மாத்திரை, ஆஸ்பிரின், தேவைப்பட்டால் ஆஞ்சியோகிராம். மூன்றுக்கும் அறிகுறி ஒன்றாகவே இருக்கலாம். வைத்தியம் மட்டும் மூன்று திசையில் போகும்.

லுப்பஸ் உள்ள எல்லாரும் எடுத்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. எந்தத் தொந்தரவும் இல்லாதவரைச் சும்மா ஸ்கேனுக்கு அனுப்பினால், என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாத சின்னச் சின்ன மாற்றங்கள் ரிப்போர்ட்டில் வந்து நின்று தூக்கத்தைக் கெடுக்கும். புதிதாக மூச்சு வாங்குகிறது, நெஞ்சு வலிக்கிறது, படபடப்பு, மயக்கம். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதம் ஏறியிருக்கிறது, ஆனால் ஆஞ்சியோகிராமில் அடைப்பு இல்லை. எக்கோவில் இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் திறன் குறைந்துவிட்டது. ஈசிஜியில் புதிதாக மின்தடை. இப்படி ஏதாவது இருந்தால் ஸ்கேன் கேட்பது நியாயம்.

தசை அழற்சி நோயாளிகள் ஒன்று கவனிக்க வேண்டும். ட்ரோபோனினில் டி, ஐ என்று இரண்டு வகை. கை கால் தசையில் அழற்சி இருந்தாலே ட்ரோபோனின் டி ஏறிவிடலாம். ட்ரோபோனின் ஐ-யும் ஏறியிருந்தால்தான் இதயத்தின்மேல் சந்தேகம் பலமாகும். கையில் இருக்கும் ரத்தப் பரிசோதனைத் தாளில் எது இருக்கிறது என்று பாருங்கள்.

எங்கே எடுப்பார்கள்? கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

எம்ஆர்ஐ மெஷின் இருக்கிற இடமெல்லாம் இதய எம்ஆர்ஐ எடுக்க முடியாது. இதயத் துடிப்போடு சேர்ந்து ஓடும் மென்பொருள் வேண்டும், எடுக்கத் தெரிந்த ரேடியோகிராபர் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் படத்தைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். கோலாலம்பூரில் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய இருதயக் கழகம், அதாவது ஐஜேஎன், பலருக்கும் தெரிந்த இடம். அரசு ஆஸ்பத்திரி நிபுணர் வழியாகப் போனால் எங்கே அனுப்புவது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். தனியாரில் செலவு ஆயிரக்கணக்கான ரிங்கிட்டில் போகும். அவசரம் இல்லையென்றால் வரிசையில் நிற்பதே மேல்.

கடிதத்தில் 'எஸ்எல்இ, இதய எம்ஆர்ஐ தேவை' (எஸ்எல்இ என்பது லுப்பஸின் மருத்துவப் பெயர்ச் சுருக்கம்) என்று ஒரு வரி மட்டும் இருந்தால் படமும் பொதுப்படையாகத்தான் வரும். 'அழற்சியா தழும்பா? டி1, டி2 அளவும் காடோலினியம் படமும் தேவை' என்று கேள்வியாக எழுதியிருக்க வேண்டும். கூடவே கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஈஜிஎஃப்ஆர் எண், எடை, உயரம், உடம்பில் உள்ள உலோகம், ஆஸ்துமா இருக்கிறதா, ஸ்டீராய்டு எப்போது தொடங்கியது என்பதும் இருக்கட்டும். ஸ்டீராய்டு தொடங்கிய தேதி ரொம்ப முக்கியம். நல்ல டோஸ் போய்விட்டால் நீர்கோப்பு வற்றிவிடும். பிறகு எடுத்த ஸ்கேன் சுத்தமாக வந்தால், அழற்சி இல்லவே இல்லையா, மருந்தில் அடங்கிவிட்டதா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். அதற்காக, நோயாளி ஆபத்தில் இருக்கும்போது ஸ்கேனுக்காக மருந்தைத் தள்ளிப்போடவும் கூடாது.

இன்னொன்று. மூட்டு வலிக்கு ஜாமு என்னும் மூலிகை மருந்து, பாக்கெட்டில் விற்கும் பெயர் தெரியாத மாத்திரை எதையாவது சாப்பிடுகிறீர்கள் என்றால் கட்டாயம் சொல்லுங்கள். நாலு நாளில் வலியை மாயமாக்கும் இந்த வகைச் சரக்கில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்து விற்பதை மலேசிய சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. நீங்கள் ஸ்டீராய்டு எடுக்கவில்லை என்று நம்பி மருத்துவர் ரிப்போர்ட்டைப் படிப்பார். உள்ளே அது ஓடிக்கொண்டிருக்கும்.

லுப்பஸ் கிட்னியையும் பிடித்திருக்கிறது. அந்த ஊசி போடலாமா?

இது நியாயமான பயம். கிட்னி மோசமானவர்களுக்குக் காடோலினியம் போட்டால் தோலும் உள்ளுறுப்பும் இறுகிப்போகும் ஒரு நோய் வரலாம் என்பது 2006-இல் தெரியவந்தது. அது பெரும்பாலும் பழைய வகை மருந்துகளால் வந்தது. இப்போது இதயத்துக்குப் பயன்படுத்தும் வளைய அமைப்புள்ள வகைகளில் அந்த அபாயம் மிக மிகக் குறைவு. ஈஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே இருந்தால், இல்லை டயாலிசிஸில் இருந்தால், போடத்தான் வேண்டுமா என்று மருத்துவர்கள் யோசித்து முடிவு செய்வார்கள். வேண்டாம் என்றாலும் அசையும் படம், டி1, டி2 மூன்றையும் ஊசி இல்லாமலே எடுக்கலாம். டயாலிசிஸ் நோயாளிக்குப் போட்டால், டயாலிசிஸ் செய்கிற நாளில் அதற்குச் சற்று முன்பாகப் போடுவார்கள்.

சிடி ஸ்கேனுக்குப் போடும் அயோடின் மருந்து வேறு, இது வேறு. சிடிக்கு மெட்ஃபார்மினை நிறுத்தச் சொன்னார்கள் என்று இதற்கும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தாலி, மூக்குத்தி, தாயத்து எல்லாம் கழற்ற வேண்டுமா?

எல்லாமே. தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்பது உண்மை. ஆனால் எந்த உலோகமும் சூடாகலாம், படத்தையும் கெடுக்கும். நெஞ்சின்மேல் கிடக்கும் தாலிக்கொடி சரியாக இதயத்தின்மேலேயே நிழல் போடும். கழற்ற மனசு வராதவர்கள் அந்த ஒரு நாளுக்கு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொள்ளலாம். அதில் உலோகம் இல்லை. அதிகம் மறந்துபோவது இடுப்பில் கிடக்கும் வெள்ளி அரைஞாணும் கால் மெட்டியும்தான். இறுகிப்போன மெட்டியையும், மூட்டு வீங்கிக் கழற்ற முடியாத மோதிரத்தையும் ஸ்கேன் அறை வாசலில் போராடிக் கழற்றுவதைவிட, முதல் நாளே வீட்டில் சவர்க்காரம் போட்டு எடுத்துவிடுங்கள். தாயத்துக்குள் தகடு இருக்கும்; அதுவும் வேண்டாம். கண்மை, மினுமினுக்கும் பொட்டு, கொக்கி வைத்த உள்ளாடை, முடி ஊசி, கையில் ஒட்டியிருக்கும் சர்க்கரை சென்சார், சில வகை மருந்துப் பட்டைகள் எல்லாம் வெளியே.

முகத்தில் சூசுக் வைத்திருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அது தோலுக்கடியில் இருக்கும் உலோக ஊசி. எக்ஸ்ரேயில் எப்படியும் தெரியத்தான் போகிறது. தைப்பூசத்துக்கு அலகு குத்திய பழைய வடு பிரச்சினையில்லை, உள்ளே எதுவும் தங்கவில்லையே.

முட்டி மாற்றியிருக்கிறது, ஸ்டென்ட் வைத்திருக்கிறது. முடியுமா?

பெரும்பாலும் முடியும். செயற்கை முட்டி, இடுப்பு மூட்டு, இதய ஸ்டென்ட், செயற்கை வால்வு ஆகியவை பொதுவாகத் தடையில்லை. பேஸ்மேக்கர் என்றால் எந்த மாடல் என்ற அட்டை வேண்டும். எம்ஆர்ஐக்கு ஏற்ற வகை என்றாலும் ஸ்கேனுக்கு முன்னும் பின்னும் அதை மாற்றியமைக்க ஆள் வேண்டும். மூளையில் போட்ட பழைய கிளிப், காது கேட்கப் பொருத்திய கருவி இருந்தால் தேதி வாங்குவதற்கு முன்பே சொல்லுங்கள்.

செம்பனை ஆலையில், வெல்டிங் பட்டறையில், கிரைண்டரில் வேலை செய்தவர்கள் ஒன்று யோசித்துப் பாருங்கள்: எப்போதாவது கண்ணில் இரும்புத் தூள் பட்டு டாக்டர் எடுத்துவிட்டாரா? மிச்சம் ஒரு துணுக்கு கண்ணுக்குள் இருந்தால் காந்தம் அதை அசைத்துப் பார்வையையே பறித்துவிடும். சந்தேகம் இருந்தால் முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுப்பார்கள். இருபது வருடத்துக்கு முந்திய கதையாக இருந்தாலும் சொல்ல வேண்டும்.

மருந்துகளை நிறுத்த வேண்டுமா? பசியோடு போகணுமா?

பிரெட்னிசோலோன், ஹைட்ராக்சிகுளோரோகுவின், வாரம் ஒருமுறை போடும் மெத்தோட்ரெக்சேட் எதையும் நிறுத்தாதீர்கள். பிரெட்னிசோலோனைத் திடீரென நிறுத்துவது ஆபத்தும்கூட. சாப்பாடு விஷயத்தில் இடத்துக்கு இடம் விதி வேறு. கடிதத்தில் போட்டபடி செய்யுங்கள். சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்கள் பட்டினி இருக்கச் சொன்னால் ஊசி அளவைக் கேட்டுக்கொண்டு போகவும்.

தே, கொப்பி குடிக்கக் கூடாது என்றார்கள். ஒரு வாய்கூடவா?

எல்லாருக்கும் இல்லை, கடிதத்தில் 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல் இருந்தால் மட்டும். அதில் அடினோசின் என்ற மருந்தைச் செலுத்தி, இதயத் தசைக்கு ரத்தம் எப்படிப் போகிறது என்று பார்ப்பார்கள். முடக்குவாதத்தில் வரும் குழாய் அடைப்பையும், நுண்குழாய்க் கோளாறையும் கண்டுபிடிக்க உதவும். கஃபீன் அந்த மருந்தை வேலை செய்யவிடாது. குறைந்தது 12 மணி நேரம், பல இடங்களில் 24 மணி நேரம், கொப்பி ஓ, தே தாரிக், சீனத் தேநீர், கோலா, மைலோ, சாக்லேட் எதுவும் கூடாது. காலையில் ரயிலேறும்போது பழக்கத்தில் குடிக்கும் ஒரு தே போதும்: ஸ்கேன் நடக்கும், ரிப்போர்ட் வரும், அடைப்பு இருந்தும் இல்லை என்று வரலாம். குடித்துவிட்டால் சொல்லிவிடுங்கள், வேறு நாள் கொடுப்பார்கள்.

அடினோசின் ஓடும் சில நிமிடம் முகம் சூடேறும், நெஞ்சை யாரோ அழுத்துவதுபோல் இருக்கும், மூச்சு முட்டும். நிறுத்திய ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். ரத்தத்தில் அதன் ஆயுளே சில விநாடிதான். இழுப்பு உள்ள ஆஸ்துமாக்காரர்களுக்கு இது ஆகாது.

உள்ளே என்ன செய்வார்கள்? எவ்வளவு நேரம்?

மொத்தம் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். உடை மாற்றி, கையில் ஊசிக்குழாய் போட்டு, சில இடங்களில் அதே சமயம் கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். செல்களுக்கிடையே உள்ள இடத்தைச் சதவீதமாகக் கணக்கிட அன்றைய ஹெமட்டோகிரிட் எண், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, தேவை. நெஞ்சில் ஈசிஜி ஒட்டிகள். ஆண்களுக்கு அந்த இடத்தில் முடி வழிப்பார்கள், இல்லாவிட்டால் ஒட்டாது, ஒட்டாவிட்டால் படம் துடிப்போடு சேராது. நெஞ்சின்மேல் ஒரு தட்டைக் கருவி வைத்துக் கட்டி, காதுக்கு அடைப்பான் கொடுத்து, கையில் அழைப்புப் பந்து தருவார்கள்.

பிறகு 'மூச்சை இழு, வெளியே விடு, அடக்கு' என்று திரும்பத் திரும்பக் கேட்கும். பெரும்பாலான இடங்களில் மூச்சை வெளியே விட்ட நிலையில் அடக்கச் சொல்வார்கள். ஒவ்வொரு தடவையும் 8 முதல் 15 விநாடி. நம் ஆட்கள் தடுமாறுவது இங்கேதான். மூச்சை நிறைய இழுத்து நெஞ்சை உப்பிக்கொண்டு அடக்குவார்கள். இதயம் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நிற்கும். படம் அடுக்கடுக்காகப் பொருந்தாது. ஒரு வாரம் முன்பிருந்தே படுத்துக்கொண்டு, சாதாரண மூச்சை விட்டுவிட்டு மெதுவாக 12 வரை எண்ணிப் பழகுங்கள். கட்டளை மலாயிலோ ஆங்கிலத்திலோ வரும். புரியாத அம்மா, அப்பாவுக்கு 'தாஹான் நாஃபாஸ்' என்றால் மூச்சை அடக்கு என்று வீட்டிலேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

அவ்வளவு நேரம் மூச்சடக்க முடியாது. கை விரல் வேறு விறைக்கும்.

நுரையீரல் இறுகியவர்களுக்கு மூச்சடக்காமலே எடுக்கும் முறைகள் உண்டு; படம் கொஞ்சம் மங்கும், ஆனாலும் உபயோகப்படும். முன்கூட்டியே சொன்னால்தான் அதற்கு நேரம் ஒதுக்குவார்கள். குளிரில் விரல் வெளுத்து நீலமாகிறவர்களுக்கு அந்த அறையின் குளிர் ஆகாது; பஞ்சுக் கையுறையும் காலுறையும் கொண்டுபோங்கள், ஜரிகை வேலை, உலோக இழை இல்லாததாக. ஸ்கிளெரோடெர்மாவில் தோல் இறுகியவர்களுக்கு ஊசி போட நரம்பு கிடைக்காது. வெந்நீரில் கையைக் கொஞ்ச நேரம் வைத்தால் மிஸ்ஸிக்கு (நர்ஸுக்கு) வேலை எளிது. மல்லாந்து படுத்தால் நெஞ்சுக்குப் புளிப்பு ஏறுகிறது என்றால் வயிறு நிறையச் சாப்பிட்டுப் போகாதீர்கள்.

நெடுங்கால முடக்குவாதம் உள்ளவர்களுக்குக் கழுத்தின் மேல் எலும்புகள் தளர்ந்திருக்கலாம். தலையைப் பின்னால் தள்ளிப் படுக்கவைக்க விடாதீர்கள். கழுத்துக்கு அணை கேளுங்கள்.

மூடின இடம் என்றாலே பயம்.

சொல்லுங்கள், லேசான மயக்க மாத்திரை தருவார்கள். அப்படியென்றால் கூட ஒரு ஆள் வேண்டும், அன்று மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது. உள்ளே போகுமுன் கண்ணை மூடி, வெளியே வந்த பிறகு திறப்பது பலருக்கு உதவுகிறது.

கர்ப்பமாக இருந்தால்? பால் கொடுத்துக்கொண்டிருந்தால்?

கர்ப்பத்தில் காடோலினியத்தைத் தவிர்ப்பார்கள். ஊசியில்லாத ஸ்கேனை அவசியமானால் எடுக்கலாம், கதிர்வீச்சு இல்லை. பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம், பாலில் போவது மிகச் சொற்பம்.

ரிப்போர்ட் கையில் வந்துவிட்டது. எதைப் பார்ப்பது?

கடைசிப் பத்தியை முதலில் படியுங்கள். கேட்ட கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கும். டி1, டி2 எண்களைப் பக்கத்து வீட்டுக்காரர் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். 1.5 டெஸ்லா காந்தசக்தி உள்ள மெஷினில் ஒரு அளவு, 3 டெஸ்லாவில் வேறு அளவு; அதே சக்தியுள்ள இரண்டு மெஷின்களிலும்கூட மாறும். அதனால்தான் சிகிச்சைக்குப் பிறகு மறு ஸ்கேன் தேவைப்பட்டால் அதே மெஷினில் எடுப்பது நல்லது. முடியாவிட்டால் பழைய படம் பதிந்த சிடி தட்டைக் கொண்டுபோங்கள், எழுத்து ரிப்போர்ட் மட்டும் போதாது.

'தழும்பு இல்லை' என்று வந்தால் ரத்தக்குழாய் சுத்தம் என்று அர்த்தமில்லை. மாரடைப்பு வராதவரை அடைப்பு தழும்பு போடாது. கொழுப்பு, பிரஷர், சிகரெட் மூன்றையும் தனியாகத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) கிடைக்குமா?

ஸ்கேன் நாளுக்குக் கிடைக்கும். சுங்கை சிப்புட்டிலிருந்து இடிஎஸ் ரயிலில் கோலாலம்பூர் போய்வருகிறவர்களுக்கு ஒரு நாள் முழுக்கப் போய்விடும். கூடப் போகிறவர் வந்திருந்த நேரத்தைக் காட்டும் டைம் சிலிப்பைக் கவுண்டரில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வெளியே வந்த பிறகு கேட்டால் அலைச்சல்தான்.

ஸ்கேன் தேதி இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் நெஞ்சு வலித்தால்?

தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. நெஞ்சு வலி கால் மணி நேரம் தாண்டினாலும், மயங்கி விழுந்தாலும், படுத்தால் மூச்சு முட்டி உட்கார்ந்தே இரவைக் கழித்தாலும் 999-ஐக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்து ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே 'எனக்கு லுப்பஸ்' அல்லது 'ஸ்கிளெரோடெர்மா' என்று முதல் வார்த்தையாகச் சொல்லி, மருந்துப் புத்தகத்தையும் ஸ்கேன் கடிதத்தையும் காட்டுங்கள். வயதைப் பார்த்து வாயு என்று அனுப்பப் பார்த்தால், ஈசிஜியும் ட்ரோபோனினும் எடுத்துவிட்டு அனுப்புங்கள் என்று கேளுங்கள். முப்பது வயது லுப்பஸ் பெண்ணுக்கும் மாரடைப்பு வரும்.